நாற்பத்திரண்டு போர்க்கப்பல்களும் ஒரு எடைமேடையும்

என் இருபத்து மூன்றாவது வயதில் நாற்பத்திரண்டு விண்வெளிப் போர்க்கப்பல்கள் என் கட்டளைக்காகக் காத்திருந்தன. அதே நேரத்தில் பதினோரு லாரிகளும் காத்திருந்தன. கப்பல்களை நான் ஒருநாளும் காக்க வைத்ததில்லை. என் வேலைத் திறமை முழுவதும் இதிலேயே அடங்கிவிடுவதால், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியில் டிரெய்னி. பழைய இரும்பு லாரியில் உள்ளே வரும்; உருகி, கம்பியாக வெளியே போகும். வருவதையும் போவதையும் எடைமேடையில் ஏற்றி, கம்ப்யூட்டரில் எடையைப் பதிந்து சீட்டுக் கொடுப்பது என் வேலை. டிப்ளமோ படித்தவனுக்கு இதெல்லாம் அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (யாருக்கு யாரால் அவமானம் என்பது பிறகு தெரிந்தது.)

அந்த விளையாட்டு பாரிமுனை நடைபாதையில் வாங்கிய சிடியில் வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு விண்வெளித் தொடரை வைத்துச் செய்தது. தொடரை நான் பார்த்ததே இல்லை. அந்தச் சண்டையில் நியாயம் யார் பக்கம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீலம் நம் ஆட்கள், சிவப்பு எதிரி. தேசபக்தி வருவதற்கு அது போதுமாக இருந்தது. அணிவகுக்க வேண்டும், எரிபொருள் பார்க்க வேண்டும், எந்தக் கிரகத்தை விட்டுக்கொடுத்து எதைப் பிடிப்பது என்று திட்டம் போட வேண்டும். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். சண்டையின் நடுவில் சேமிக்க முடியாது, நிறுத்தி மட்டும் வைக்கலாம். நிறுத்திவிட்டு எடை போடும் பக்கத்துக்குப் போனாலோ கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிடும். ஆகவே ஒரு சண்டை முடியும்வரை ஒரு லாரியும் நகராது.

வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபோது சூப்பர்வைசர் தயாளன் சார் வந்து கேட்டார்.

"இன்னாப்பா, டிரைவருங்க எல்லாம் பேஜாரு பண்றானுங்க?"

"சிஸ்டம் ஸ்லோ சார்."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொஞ்சமும் கூசாமல் எழுதினேன்: கூடுதல் மெமரி, நல்ல கிராபிக்ஸ் கார்டு, இரண்டு ஸ்பீக்கர். ஸ்பீக்கர் எதற்கு என்றதற்கு, எடையில் தவறு வந்தால் சத்தம் கேட்க வேண்டும் என்றேன். முதலாளியம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். ஐந்து இலக்க எண் ஒன்றைக் காட்டுவதற்கு அவ்வளவு வலுவான கம்ப்யூட்டர் அந்தப் பேட்டையிலேயே வேறெங்கும் இருந்திருக்காது.

முதலாளியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் போன பிறகு உலையையும் லாரிகளையும் தனியாக நடத்துபவர். அதிகம் பேச மாட்டார். வருஷா வருஷம் விஜயதசமி அன்று, ஒவ்வொரு மெஷினையும் தன் கையாலேயே ஓட்டித் தொடங்கி வைப்பார். அது முடிந்ததும், அந்த வருஷம் வேலை நிரந்தரமாகும் டிரெய்னிகளுக்கு, வீட்டாரை வைத்துக்கொண்டு, தாம்பூலத் தட்டில் ஆர்டரைக் கொடுப்பார். அந்த வருஷப் பட்டியலில் என் பெயர் இருந்தது. என் நைனா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆரம்பாக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த ஒருவரைக்கூட விடாமல் இதைச் சொல்லி வைத்திருந்தார்.

விஜயதசமிக்கு முந்தைய நாள் ஆயுதபூஜை. கம்பெனி முழுக்கக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நானோ மூன்று வாரம் போராடி வந்து சேர்ந்த கடைசிச் சண்டையில் இருந்தேன். சந்தனக் கிண்ணத்தோடு தயாளன் சார் வருவது ஜன்னலில் தெரிந்தது. சண்டையை நிறுத்தி, மானிட்டரை மட்டும் அணைத்தேன். பூஜை முடிந்ததும் வந்து ஜெயித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அவர் மானிட்டருக்குப் பட்டை போட்டு, பொட்டு வைத்து, மாலையும் போட்டார். பிறகு அறையைப் பூட்டி, பூட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

"சார், ஒரே ஒரு நிமிஷம் உள்ள போய்க்கினு வந்துடறேன்."

"பூஜையில வச்ச சாமானை யாரும் தொடக்கூடாதுப்பா. காலையில அம்மா வந்து கை வப்பாங்க."

பத்தாவது கூடப் படிக்காதவருக்குத் தெரிந்த இந்த விதி, கிரகங்களைப் பிடித்த எனக்குத் தோன்றவே இல்லை. மெயினை அணைத்துவிடுவார்கள், கணினியும் செத்துவிடும் என்று கடைசியாக ஒரு நம்பிக்கை இருந்தது. அணைத்தார்கள். எடைமேடை அறை மட்டும் வாட்ச்மேன் விளக்குக்கான தனி லைனில் இருந்ததாம்.

காலையில் நைனா கஞ்சி போட்ட வேட்டியில் வந்தார், அம்மா பட்டுப்புடவையில். வாழைக்கன்று கட்டிய முதல் லாரி எடைமேடையில் ஏறி நின்றது. ஓட்டி வந்தவர் தடா பக்கத்து டிரைவர். இரண்டு மாதமாக என்னிடம் காத்துக் கிடந்து நொந்தவர். ஜன்னலோரம் வந்து எட்டிப் பார்த்தார். பூசணிக்காய் உடைந்தது. முதலாளியம்மா மாலையை ஒதுக்கி மானிட்டர் பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரை, நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள்.

"தூசா இருக்குது, தொடைக்கலியா?" என்றார்.

துடைத்தார்கள். நட்சத்திரங்கள் போகவில்லை. சரியென்று, கீபோர்டில் இருப்பதிலேயே பெரிய பொத்தானாகப் பார்த்து அழுத்தினார். சண்டை மறுபடி தொடங்குவது அந்தப் பொத்தானில்தான்.

கம்பெனி செலவில் வாங்கிய இரண்டு ஸ்பீக்கரும் அன்றுதான் தங்கள் முழுத் திறமையைக் காட்டின. பூஜைக்கு வந்த அய்யர் மணியை நிறுத்திவிட்டார். வலது மூலையிலிருந்து சிவப்புக் கப்பல்கள் கூட்டமாக வந்தன. அந்த நேரத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடியது மூன்று: காலில் விழலாம், மயங்கி விழலாம், ஓடலாம். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "அம்மா, தாய்க்கப்பல பின்னாடி இழுங்க, வலது பக்கம் காலியா கீது" என்று கத்தினேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். திரையையே பார்த்தார்.

"இதுல எது நம்முது?"

"நீலம்மா."

நாற்பத்திரண்டும் ஒவ்வொன்றாக வெடித்தன. புதுக் கிராபிக்ஸ் கார்டில் அது மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"நீலம் பூரா பூடுச்சே" என்றார். "எல்லாத்தையும் ஒரே மூலையில நிறுத்திக்கினா பூடாதா?"

ஜன்னலிலிருந்து டிரைவர் கேட்டார்: "இன்னா சாரே, இதுக்குத்தான் எங்கள வெயில்ல நிக்க வச்சியா?"

எனக்கு அழுகை வந்தது. கப்பல்களுக்காகவா, ஆர்டருக்காகவா என்று கேட்டால் இப்போதும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. முதலாளியம்மா என் பெயர் எழுதிய தட்டை வாங்கி, அதிலிருந்த கவரை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தார். வெற்றிலை, பழம், ஸ்வீட் பாக்ஸோடு தட்டை நைனாவிடம் நீட்டினார்.

"பழம் எடுத்துக்குங்க. லெட்டரு அடுத்த வருஷம் பாக்கலாம்."

நைனா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ரயிலில், எதிர்த்திசையில் இருக்கும் கவரைப்பேட்டை உட்பட, ஊர் ஊராக வந்து போய்க்கொண்டே இருந்ததாக எனக்கு ஞாபகம். உண்மையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து எங்கள் ஊருக்கு எளாவூர் ஒன்றுதான் நடுவில். அவமானம் பூகோளத்தையும் நீட்டிவிடும். இறங்கும்போதுதான் நைனா வாயைத் திறந்தார்.

"அத்தனை கப்பலும் உன்னுதா?"

"ஆமா நைனா."

"ஒண்ணு கூட மிஞ்சலியா?"

"இல்ல நைனா."

"ம்" என்றார்.

அடுத்த ஒரு வருஷம் வாசலில், வெயிலில் நின்று லாரிகளுக்கு டோக்கன் கொடுத்தேன். டிரைவர்கள் வேண்டுமென்றே மெதுவாக வந்து வாங்கிக்கொண்டார்கள். மறு விஜயதசமிக்கு ஆர்டர் கிடைத்தது. அதை வாங்க வீட்டிலிருந்து யாரையும் நான் கூப்பிடவில்லை.

இப்போது மணவாள நகரில் சொந்த வீடு, மனைவி, மகள், எல்லாம் உண்டு. ஆயுதபூஜை அன்று என் லேப்டாப்பை மூடி வைத்துப் பொட்டு வைக்க எங்கள் வீட்டில் அனுமதி கிடையாது. திறந்து, உயிர்ப்பித்து, குடும்பத்தின் பார்வைக்கு வைக்க வேண்டும். மனைவி ஒருமுறை எட்டிப் பார்ப்பாள், மகள் ஒருமுறை. நைனாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்பார்.

"கப்பலு எதுனா கீதா?"

"இல்ல நைனா."

"அவன கேக்கல. நீ பாத்து சொல்லும்மா" என்பார் மருமகளிடம். அவள் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் கற்பூரம் ஏற்றப்படும்.