டமாரம் சாரும் பொட்டு வைத்த கால்குலேட்டர்களும்

டமாரம் சார் அக்ரஹாரத்தில் தும்மினால் ஊரின் மறுகோடி விஜயநகரில் யாராவது 'நூறு' என்பார்கள். கன்னடச் சீமையில் இருந்த எங்கள் பள்ளியின் டிரில் மாஸ்டர். விசில் அவருக்கு அநாவசியம். என் காதோரம் அவர் ஏதாவது ரகசியம் சொன்னால், எதிர்ச்சாரி வெற்றிலைக் கடைக்காரர் அதற்கு அபிப்பிராயம் சொல்வார்.

தொண்ணூறுகளில் ஒரு டிரஸ்ட், எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கால்குலேட்டர் தந்தது. வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். பேட்டரி கிடையாது, மேலே இருக்கும் கறுப்புக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் ஓடும். தசரா முடிந்ததும் ஆள் வந்து பார்ப்பார். பிள்ளைகள் உபயோகிக்காவிட்டால் அத்தனையும் வேறு பள்ளிக்குப் போய்விடும். கணக்கு டீச்சர் நான். விடுவேனா?

பெற்றோர் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர் ஆங்கிலத்தில் விளக்கு விளக்கென்று விளக்கினார். கட்டட வேலையையும் ஃபாக்டரி ஷிஃப்டையும் விட்டு வந்திருந்த நம் ஜனங்கள் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள். முடிவில் ஒரு அம்மா எழுந்தார்.

"ஒடஞ்சு போச்சுன்னா எங்க தலையிலதான் கட்டுவீங்க. பேடா சார், வேண்டவே வேண்டாம், நீங்களே வெச்சுக்கோங்க."

கூட்டமே தலையாட்டியது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து டமாரம் சார் எழுந்தார்.

"கொத்தனாருக்குக் கரண்டி, டிரைவருக்கு ஸ்டியரிங். படிக்கிற புள்ளைக்கு இதாம்மா ஆயுதம். சரஸ்வதி வீடு தேடி வர்றா. பேடான்னு சொல்லுவீங்களா?"

ஒருவர் பாக்கியில்லாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். சார் அன்று முழுக்க மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

தசரா லீவு முடிந்து பள்ளி திறந்தது. ஒரு கால்குலேட்டரும் ஓடவில்லை. ஆயுத பூஜையன்று வீட்டுக்கு வீடு பூஜை போட்டிருக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி நெற்றி மாதிரி வாகாக இருந்ததால், அதன்மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம். துடைக்கச் சொன்னால், "பொட்ட அழிச்சா அம்மா கொன்னுடுவாங்க மிஸ்" என்று பிள்ளைகள் பின்வாங்கின. டிரஸ்ட்காரர் வருவதோ அன்று மத்தியானம்.

"சார், உங்க சரஸ்வதி என் பொழப்பக் கெடுத்துட்டா" என்றேன் அழாக்குறையாக.

"ஸ்வல்ப இருங்க மிஸ்" என்றார்.

மதியச் சாப்பாட்டோடு தாய்மார்கள் கேட்டில் வந்து நிற்பது வழக்கம். சார் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

"பொட்டு வெச்சீங்க, சந்தோசம். ஆனா அது நெத்தி இல்லம்மா, கண்ணு. வெளிச்சம் உள்ள போற எடம். அம்பாள் கண்ணுல குங்குமத்த அப்பிட்டு, கணக்குப் போடுடீன்னா எப்படிப் போடுவா?"

பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முந்தானைகள் குழாயடியில் நனைந்தன. அன்று 'பேடா' சொன்ன அம்மா, "தப்பாச்சு தாயி, பொறுத்துக்கோ" என்று கால்குலேட்டரிடமே மன்னிப்புக் கேட்டபடி துடைத்து, பொட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

மத்தியானம் எல்லாம் ஜம்மென்று ஓடின. ஓரத்துக் குங்குமத்தைப் பார்த்து டிரஸ்ட்காரர் புருவத்தை உயர்த்த, "இன்சூரன்ஸ் சார், ஒண்ணுகூட ஒடையல பாருங்க" என்றார் டமாரம். வந்தவர் சிரித்துவிட்டார். கால்குலேட்டர்கள் எங்களுக்கே நிலைத்தன.

பின்னாளில் நானே ஹெட்மிஸ்ட்ரஸாகி, எத்தனையோ பெற்றோர் கூட்டங்களில் பேசிவிட்டேன். நான் சொல்வது எதிரே இருப்பவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரியும்போதெல்லாம், அந்த மனிதர் எழுந்திருக்கமாட்டாரா என்று கண் இன்னும் பின்வரிசையைத்தான் தேடுகிறது.