கோழிக்குப் போட்ட கரண்டு வேலி

வாய் திறக்காத மனுஷன் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். நான் அந்த ரகம்.

ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்த புதிது. வீடும் தோட்டத்திலேயேதான். என் மனைவி பாக்கியத்துக்கு எட்டு மாதம். முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை. இந்தப் பிள்ளை பிறந்தால் சாறு வைத்துக் குடித்துத் தேற வேண்டுமென்று கோழி வளர்த்தாள். அதைக் கீரி ஒவ்வொன்றாகக் கொண்டு போனது.

"ஆம்பள ஒருத்தர் வீட்ல இருக்கீகன்னு அந்தக் கீரிக்கு யாராச்சும் சொன்னா தேவல" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் கோழிகள் பிழைத்திருக்கும்.) மோட்டார் அறையிலிருந்து வெறும் கம்பியை இழுத்து, கோழிக்கூட்டைச் சுற்றிக் குச்சி நட்டுக் கட்டினேன். விவரம் தெரிந்தவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டுமே.

ராத்திரி சுவிட்சைப் போடுவேன். விடிந்ததும் அணைப்பேன். கீரி வரவில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் விடியும்போது கரண்டு இல்லை. இல்லாத கரண்டை எதற்கு அணைப்பது? வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். பாக்கியம் கூட்டைத் திறந்துவிட்டு, சாணி கரைத்து முற்றமெல்லாம் தெளித்துக்கொண்டிருந்தாள்.

மோட்டார் அறை விளக்கு எரிந்தது.

ஒரு கோழி கம்பியில் உரசி விழுந்தது. கோழிக்கு வேடிக்கை பார்க்கும் குணம் உண்டு. என்ன ஏது என்று மற்றவை வந்தன. அவையும் விழுந்தன. சத்தம் கேட்டுத் திரும்பிய பாக்கியம், ஈரக் காலோடு போய், எடுக்கக் குனிந்தாள்.

நான் கத்த வேண்டும். என்னவென்று கத்துவது? அதுவரை அவளைக் கூப்பிட்டதே இல்லை. பேர் சொல்ல வெட்கம். தொண்டையைச் செருமுவேன், வருவாள். அங்கன வரைக்கும் செருமல் எட்டாது. மாடு மேய்ப்பவனைக் கூப்பிடும் வார்த்தைதான் வாயில் வந்தது.

"ஏலே!"

விருட்டென்று நிமிர்ந்தாள்.

"யாரப் பாத்து ஏலேங்கீக? நான் என்ன ஒங்க மாட்டுக்காரனா?"

வாளியோடு சண்டைக்கு வந்தாள். வந்தாளே, அது போதும். நான் அவளைத் தாண்டி மோட்டார் அறைக்கு ஓடினேன். (வாளி தடுக்கி, சாணித் தண்ணீரில் குப்புற விழுந்து, பிறகு ஓடினேன்.)

சுவிட்சை அணைத்துவிட்டு வந்தபோது அவளுக்குப் புரிந்திருந்தது. கோழிகளைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். வெயில் ஏறும் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. கீரி மட்டும் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனது.

சாயங்காலம் மாமனார் வந்தார். கோழிகளைப் புதைத்த குழியைப் பார்த்தார்.

"கீரி ஒண்ணொண்ணாத்தானே கொண்டு போச்சு மாப்ள. ஒங்களுக்கு அம்புட்டு அவசரமா?"

பெண் பிறந்தாள். தங்கினாள். சாற்றுக்குக் கோழி மாமனார் வீட்டிலிருந்து வந்தது.

அன்றிலிருந்து பாக்கியத்தைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். ஊர் கேலி பேசியது. பேசட்டும். செருமலை நம்பி இருக்க முடியாது.

இப்போதும் நான் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறினால் மகள், "யம்மா, அப்பா ஏறிட்டாக. ஒரு ஏலே போடும்மா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். பாக்கியம் மட்டும் எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைப்பாள். வந்து உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பாள்.