தேநீருக்குப் பிறகு வெர்னா

அடுப்பு டப்பென்று அணைந்தபோது கேக் பாதிதான் வெந்திருந்தது. மதியம் இறுதி ஆட்டம்.

இறைச்சி ஆலையில் காலமெல்லாம் எலும்பு பிரித்த கை வெர்னாவுடையது. அந்தக் கையால்தான் புல்தரையில் வளைந்தோடும் பந்தை உருட்டி, சின்னக் குறிப்பந்தை ஒட்டி நிறுத்துகிற ஆட்டத்தில் எட்டு வருஷமாக மாவட்டப் பெண்கள் கோப்பையை யாருக்கும் விடாமல் வைத்திருந்தாள். இந்த வருஷமும் ஜெயித்தால் கிளப் சுவரில் அவள் படம் ஏறும். தேநீர் இடைவேளை வரை அவள் பின்தங்கித்தான் இருப்பாள். அப்புறம் எதிராளி துவண்டு போவாள். "டீக்கு அப்புறம் வெர்னாகிட்ட நிக்க முடியாது" என்பது நியூசிலாந்தின் தென்கோடி முழுக்க அடிபட்ட பேச்சு.

இடைவேளைக்குக் கேக் கொண்டுவருவது நடப்புச் சாம்பியனின் கடமை. அதை வேண்டாமென்பது மரியாதைக் குறைவு. வெர்னாவுடையது ஆட்டுக்கொழுப்பு ஊற்றிய பேரீச்சை கேக். அவள் மட்டும் அதைத் தொடமாட்டாள். ஆட்ட நாளில் படபடப்புக்கு வெறும் டீதான் உள்ளே இறங்கும்.

"நான் பாத்துக்கறேன், விடு" என்று புருஷன் ஆல்பி கேக்கைக் கொல்லையில் இறைச்சி சுடுகிற தட்டில் ஏற்றினான். வெந்தது. கூடவே அடி கருகி, நேற்றைய சாசேஜ் வாடையும் ஏறிக்கொண்டது. கருகலைச் சுரண்டப் போய்க் கத்தி முனை ஒடிந்தது. வாடை போகட்டுமென்று கார் கூரைமேல் காற்றாட வைத்தவன், வைத்ததை மறந்து வண்டியை எடுத்தான்.

திருப்பத்தில் கேக் பறந்தது. பின்னால் வந்த ஆட்டு லாரி அதன்மேல் ஏறி இறங்கியது. கேக் உடையவில்லை. எழுந்து உருண்டு, கடைசியில் அழகாக வளைந்து சாக்கடையில் விழுந்தது.

"உன் பந்தைவிட நல்லா வளையுதும்மா."

"வாயை மூடிக்கிட்டு பேக்கரிக்கு ஓட்டுய்யா."

பேக்கரியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு க்ரீம் கேக். பஞ்சு மாதிரி இருந்தது. அதைத் தன் பழைய டப்பாவுக்கு மாற்றி, கூசாமல் தானே செய்ததாகச் சொல்லிப் பரிமாறினாள். எதிராளி ரேலீன் வழக்கம்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு விள்ளல் வாயில் போட்டாள். போட்டவள் கண்ணை அகல விரித்து இன்னொரு துண்டு கேட்டாள். கைப்பக்குவத்தைப் புகழாத ஆள் இல்லை. வெர்னாவுக்குத் தலைகால் புரியவில்லை.

தேநீருக்குப் பிறகு ரேலீன் துவளவில்லை. குமரி மாதிரி குனிந்து குனிந்து உருட்டினாள். அவள் பந்து ஒவ்வொன்றும் குறிப்பந்தை ஒட்டிப் போய்ப் படுத்தது. கோப்பை கை மாறியது.

பெஞ்சில் உட்கார்ந்து வெர்னா தன் தோளை, முழங்காலை, ஆல்பியை, அந்த லாரிக்காரனை வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தாள். டீ கோப்பைகளைப் பொறுக்க வந்த கிளப் சிநேகிதி நைரி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எட்டு வருஷமா உன் கேக்கைத் தின்னுட்டு எவளாலயும் குனிய முடியல. ஜெயிச்சுக் குடுத்ததையே இன்னிக்கு எதுக்குடி மாத்துன?"