உள்ளூர் ஆள்

மனிதன் பிறந்த ஊரிலேயே பிழைத்து, பிறந்த ஊரிலேயே கண்ணை மூட வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு அரசாங்கம் அந்த ஊரில் ஓர் அலுவலகம் திறந்தது. ‘தொழிலாளர் வெளியேற்றத் தடுப்பு மற்றும் உள்ளூர் வளர்ச்சி இயக்ககம், மாவட்டக் கிளை’ என்பது அதன் முழுப்பெயர். அதை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்கள் ஊரில் யாரும் இல்லை. அவ்வளவு மூச்சு உள்ளவர்கள் எல்லாம் எப்போதோ வேலை தேடி வெளியூர் போய்விட்டிருந்தார்கள்.

அலுவலகத்துக்குக் கடைத்தெருவில் காலியாகக் கிடைத்தது ஒரே ஒரு மாடி. கீழே வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் போடும் கடை. அந்தத் தெருவில் ஈ ஓட்டாத கடை அது ஒன்றுதான். வாடகை பேசி முடித்ததும் கடைக்காரர், “நீங்க தடுங்க சார், நான் அனுப்புறேன். ரெண்டு பேரும் ஒரே வாசல்ல பொழைச்சுக்குவோம்” என்றார். தினமும் நாலைந்து பேர் வழி தெரியாமல் மாடியேறி வந்து ஜன்னலோர சீட்டு கேட்பார்கள். அவர்களையும் அன்றைய பயனாளிகள் கணக்கில் சேர்க்கும்படி இயக்குநர் வாய்மொழியாக உத்தரவிட்டார். படி ஏறி இறங்குகிற நேரத்துக்காவது அவர்கள் வெளியேறாமல் இருந்தார்கள் அல்லவா?

இந்தக் கணக்கை எல்லாம் தட்டச்சு செய்தவள் நம் டைப்பிஸ்ட். அலுவலகத்தில் இயக்குநர், பியூன், இவள் என்று மூன்று பேர். மூவரில் அந்த ஊர்க்காரி இவள் ஒருத்திதான். இவள் வீட்டுக்காரன் கொத்தனார். மலைக்கு அந்தப் பக்கம், ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போகிற தூரத்தில் அவனுக்கு வேலை. ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் வழவழவென்று பூசித் தருகிறவனின் சொந்த வீட்டில் பின்சுவர் வெறும் செங்கல்லாகவே நின்றது. “அடுத்த தடவை வந்தா பூசிடுறேன்” என்பான். அடுத்த தடவை வரும்போது மகளுக்குப் பல் விழுந்திருக்கும், அல்லது விழுந்த பல் முளைத்திருக்கும். சுவர் மட்டும் அப்படியே இருக்கும்.

அந்த மகளிடம் ஒரு நாள் அக்கம்பக்கத்தார், “உங்கப்பா எங்க பாப்பா?” என்று கேட்டார்கள். அவள் சுவரோரம் வயரில் தொங்கிய செல்போனைக் காட்டி, “சார்ஜுல இருக்கார்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டைப்பிஸ்ட்டும் சிரித்துவிட்டு, அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஊர் உலகத்தைத் தடுக்கிற ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. தன் வீட்டுக்காரன் ஒருத்தனைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும். அதற்காகத்தான் இந்த வேலையில் சேர்ந்தாள்.

இயக்குநர் நல்ல மனிதர், தலைநகர்க்காரர். குடும்பம் அங்கே, பையன் வெளிநாட்டில், கடமை மட்டும் இங்கே. வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்க்கடைக்கு இறங்கிவிடுவார். ‘சொந்த மண்ணை விட்டுப் போகாதே’ என்ற அவருடைய சொற்பொழிவை இவள் தட்டச்சு செய்யும்போது, “கொஞ்சம் வேகமாம்மா, பஸ்ஸு போயிடும்” என்று பின்னால் நின்று துரிதப்படுத்துவார்.

அவர் செய்த முதல் பணி எழுத்து நட்டது. அந்த வருஷம் ஊருக்கு ஊர் ஆளுயர எழுத்துகளை நிறுத்தி, உள்ளே விளக்குப் போட்டு, முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிற மோகம் பரவியிருந்தது. எழுத்து இல்லாத ஊரை வளராத ஊர் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அதிகாரிகள் எல்லோருக்கும் இருந்தது. பஸ் நிலையத்து வாசலில் ‘நான் இங்கேதான் இருப்பேன்’ என்று செக்கச்செவேலென்று எழுத்துகள் எழுந்தன. வெளியூர் போகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்து, எழுத்துக்கு முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறினார்கள். ‘மக்கள் பெருந்திரளாகப் பங்கேற்றனர்’ என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது.

நிதியாண்டு முடியப் போகும் நேரத்தில் பார்த்தால் பணம் மிச்சம் இருந்தது. பணத்தைத் திருப்பி அனுப்பினால், இந்த மாவட்டத்தில் வறுமை குறைந்துவிட்டது என்று மேலிடம் தப்பாக நினைத்துவிடும். ஆகவே மூன்று பேர் உட்காருவதற்கு மூன்று மாடியில் ‘வளர்ச்சி மாளிகை’ கட்டுவது என்று முடிவானது. உள்ளூர்த் தொழிலாளர்களை மட்டுமே அமர்த்த வேண்டும் என்பது கண்டிப்பான விதி. அதைத் தட்டச்சு செய்தபோது டைப்பிஸ்ட் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். கையோடு எழுந்து இயக்குநர் அறைக்குப் போனாள்.

“சார், எங்க வீட்டுக்காரர் கொத்தனார். இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவரு.”

“ரொம்ப சந்தோஷம்மா. இப்ப இங்க இருக்காரா?”

“மலைக்கு அந்தப் பக்கம் வேலையில இருக்காரு சார். இங்க வேலைன்னா நாளைக்கே ஓடி வந்துடுவாரு.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, வெளியூர்ல இருக்கிறவர் எப்படிம்மா உள்ளூர்க்காரர் ஆவார்? ஒரு வருஷம் தொடர்ந்து இங்கயே இருந்திருக்கணும். அதுதானே விதி?”

“வேலை இல்லாம ஒரு வருஷம் இங்க இருந்தா சாப்பாட்டுக்கு என்ன சார் பண்றது?”

“அதுக்கு வெளியூர் போய் சம்பாதிக்கலாம். ஆனா அப்புறம் உள்ளூர்க்காரர் ஆக முடியாது.”

“சார், திரும்பி வர்றவங்களுக்குன்னு தனியா ஒரு திட்டம் இருக்கே?”

“இருக்கு, அருமையான திட்டம். ஆனா ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடியே, ‘நான் திரும்பி வருவேன்’னு நம்ம அலுவலகத்துல வந்து பதிஞ்சிருக்கணும்.”

“அவர் போனப்ப இந்த அலுவலகமே கிடையாதே சார்!”

“அதுதான் அவர் பண்ணின தப்பு. அவசரப்பட்டுட்டாரு” என்றார் இயக்குநர், உண்மையான வருத்தத்தோடு.

கட்டட வேலை தொடங்கியது. விதி ஒரு இழைகூடப் பிசகவில்லை. காண்ட்ராக்டர் கொண்டுவந்து இறக்கிய ஆட்கள் அத்தனை பேரும் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். ஆனால் ஒரு வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரில் தகரக் கொட்டகையில் தங்கி பஸ் நிலையம் கட்டிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே சட்டப்படி உள்ளூர்க்காரர்கள்.

“இந்த ஊர் ஆளுங்களை ஏன் சேர்க்கிறதில்லை?” என்று அவள் காண்ட்ராக்டரைக் கேட்டே விட்டாள்.

“இந்த ஊர் ஆளுன்னா இன்னிக்குப் பெரியப்பா செத்துட்டாரு, நாளைக்கு மச்சானுக்குக் கல்யாணம்னு லீவு கேட்பான்மா. வெளியூர் ஆளுக்குச் சொந்தம் யாரும் பக்கத்துல சாக மாட்டாங்க. அதனாலதான் உங்க ஊர் ஆளுங்களுக்கு அந்தப் பக்கம் நல்ல கிராக்கி” என்றார் அவர்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். இங்கே வெண்ணெயை வெளியூருக்கு அனுப்பிவிட்டு நெய்க்கு டெண்டர் விட்டிருந்தார்கள்.

அந்த ஆட்களுக்கு ஒரு மேஸ்திரி. வயது நாற்பதுக்குள் இருக்கும், சாது. செல்போன் சார்ஜ் போட அலுவலகத்து மாடிக்கு வருவார். டைப்பிஸ்ட்டை வாய் நிறைய ‘தங்கச்சி’ என்று கூப்பிடுவார். ஒரு நாள் அவள் வீட்டுக்காரன் தான் புதிதாகச் சேர்ந்த வேலையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். சாரத்தின் மேல் அவன் நிற்கிறான். பின்னால் பஸ் நிலையம், வாசலில் ஆளுயரச் செக்கச்செவேல் எழுத்துகள்: ‘நான் இங்கேதான் இருப்பேன்.’

எட்டிப் பார்த்த மேஸ்திரி அப்படியே நின்றுவிட்டார். “தங்கச்சி, இது எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு! எங்க வீடு இங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.”

அப்போதே வீட்டுக்காரனுக்குப் போன் போட்டாள். “என்னங்க கட்டுறீங்க அங்க?”

“என்னமோ மாளிகையாம். இந்த ஊர் ஜனங்க வேலை தேடி வெளியூர் போகாம இருக்கிறதுக்காம். கட்டுறதுக்கு இங்க ஆளே இல்லைன்னு எங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ஏன் சிரிக்கிற?”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அழவும் இல்லை. அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அரசாங்கம் ஒன்று, இயக்ககம் ஒன்று, மாளிகையின் வரைபடம்கூட ஒன்று. இவர்கள் அங்கே போய் அவர்கள் இங்கே வந்துவிட்டால் வேலை நிற்காது, செலவு ஏறாது, அவரவர் வீட்டில் அவரவர் தூங்கலாம். மேஸ்திரி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். “எங்க சின்னவன் என்னைப் பார்த்தா யாரோன்னு ஒளிஞ்சிக்கிறான் தங்கச்சி. எப்படியாவது சொல்லிப் பாரு.”

இயக்குநர் முழுக்கக் கேட்டார். நடுநடுவே, “பிரமாதம், பிரமாதம்” என்றார். கடைசியில் சுண்டுவிரலால் நெற்றியைத் தேய்த்தார்.

“ஆனா ஒண்ணும்மா. மேஸ்திரி இங்கிருந்து கிளம்பினா இங்க ஒரு உள்ளூர்க்காரர் வெளியேறினதா ஆகும். உங்க வீட்டுக்காரர் அங்கிருந்து கிளம்பினா அங்க ஒரு உள்ளூர்க்காரர் வெளியேறினதா ஆகும். எதைத் தடுக்கணும்னு ரெண்டு மாளிகை கட்டுறோமோ, அதை நாமளே பண்ணலாமா?”

“வீட்டுக்குப் போறது எப்படி சார் வெளியேறுறது ஆகும்?”

“வீடு அவங்களோடது. வெளியேற்றம் நம்மளோடது. நாம நம்ம வேலையைத்தான்மா பார்க்கணும்.”

அன்று வெள்ளிக்கிழமை. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாளிகை எழுந்தது. பார்வையிட உயர்மட்டக் குழு வந்தது. குழுத் தலைவர் மேஸ்திரியின் தோளில் கை போட்டு, “சொந்த ஊர்ல வேலை பார்க்கிறது எப்படி இருக்கு?” என்று கேட்டார். மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. “நினைச்சாலே நல்லாத்தான் இருக்கும் ஐயா” என்றார். ஆனந்தக் கண்ணீர் என்று குழு குறித்துக்கொண்டது. அந்த ஆண்டில் மாவட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் ஒருவர்கூட இல்லை என்று இயக்குநர் அறிவித்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பொய் இல்லை. போகக்கூடியவர்களில் கடைசி ஆள் முந்தின ஆண்டே போய்விட்டான்.

வெற்றி வந்தால் சும்மா வராது. வெளிநாடுகளில் வெளியேற்றத்தை எப்படித் தடுக்கிறார்கள் என்று நேரில் ஆராய, இயக்குநரைப் பையன் இருக்கிற நாட்டுக்கே அனுப்பினார்கள். தடுக்க ஆள் இல்லாத ஊரில் தடுப்பு அலுவலகம் எதற்கு என்று இந்தக் கிளையை மூடினார்கள். மாளிகையைப் பூட்டிச் சாவியைப் பியூனிடம் கொடுத்தார்கள். ‘அனுபவம் வாய்ந்த பணியாளர் தேவை’ என்ற காரணத்தால் டைப்பிஸ்ட்டுக்கு இடமாறுதல் வந்தது. எங்கே? மலைக்கு அந்தப் பக்கத்துக் கிளைக்கு.

அவள் உத்தரவைப் பியூனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லி இன்னொரு தடவை கேட்டாள். பிறகு போன் போட்டாள்.

“என்னடி, கடைசியில நீயுமா வெளியேறுற?” என்றான் வீட்டுக்காரன்.

“இது வெளியேற்றம் இல்லைங்க, பணி நிமித்தம்” என்றாள். சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். சந்தோஷம்தான்.

வீட்டை மேஸ்திரிக்கே வாடகைக்கு விட்டாள். பஸ் நிலையத்தில் அவர்தான் மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டார். “காண்ட்ராக்டர் அடுத்த வேலையும் இங்கதான் பிடிச்சிருக்காரு தங்கச்சி, எனக்கு இப்போதைக்கு விடிவு இல்லை. நீ கவலைப்படாத, அந்தப் பின்சுவரை நான் பூசி வைக்கிறேன்” என்றார். பாப்பா எழுத்துக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தார்கள்.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. டைப்பிஸ்ட்டுக்குக் கண்ணாடி மட்டும் புதிதாக வந்தது. அவள் உட்கார்ந்த ஜன்னலுக்கு வெளியே மாளிகையின் மூன்றாம் மாடி எழும்பிக்கொண்டிருந்தது. சாரத்தின் மேலிருந்து வீட்டுக்காரன் கரண்டியை ஆட்டுவான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பாப்பா, போனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிமிர்ந்து “அப்பா!” என்று கத்துவாள். இந்தச் சத்தத்துக்காக எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

ஒரு நாள் மாடியேறி ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு பையன். இவள் முகத்தைப் பார்த்ததும் அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

“அம்மா, இங்க மாளிகை கட்டுற வேலைக்கு உள்ளூர் ஆளுங்களைத்தான் சேர்ப்பாங்கன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் மேஸ்திரிம்மா. இந்த ஊர்லயே பொறந்தவரு. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுவாரு” என்று சொல்லி, செல்போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள்.

டைப்பிஸ்ட்டுக்கு ஆளைவிடச் சுவர்தான் முதலில் அடையாளம் தெரிந்தது. அவளுடைய வீட்டுப் பின்சுவர். மேலிருந்து கீழ்வரை, ஒரு பிசிறு இல்லாமல் பூசியிருந்தது. அதற்கு முன்னால் மேஸ்திரி அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றார்.

வெளியே கரண்டிச் சத்தம் கேட்டது. மேஸ்திரி ஒருவர் வந்தால் தன் கொத்தனார்களோடுதான் வருவார். இந்த ஊர்க்காரன் ஒருத்தன் வந்து நின்றால், வெளியூரிலிருந்து வந்த கொத்தனார்களை யார் கொண்டு வந்தது, ஏன் கொண்டு வந்தது என்று ஒவ்வொன்றாகப் பேச்சு கிளம்பும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிடும். அவள் அந்தப் பையனைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

“ஏம்மா, வெளியூர்ல இருக்கிறவர் எப்படிம்மா உள்ளூர்க்காரர் ஆவார்?” என்றாள், உண்மையான வருத்தத்தோடு.

அந்தப் பெண் பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள். டைப்பிஸ்ட் அன்றைய பயனாளிகள் கணக்கில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டாள்.