மயில்கழுத்து நிறத்தின் சொந்தக்காரர்

ஒன்றைக் கொடுத்துவிட்டு அதன் கூடவே வருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெருவுக்கு ஒருவராவது உண்டு. எங்கள் திருத்துறைப்பூண்டியில் அந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி, விஜயலட்சுமி அக்கா.

சனிக்கிழமை மதியங்களில் மெஹராஜ் பேகம் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து, பழைய பருத்திப் புடவைகளை வெட்டி, அடுக்கி, ஒட்டுப்போட்டு, ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைகளுக்குப் போர்வை தைக்கிறார்கள். அக்கா தந்தது ஒரே ஒரு புடவை. மயில்கழுத்து நிறம். அதன் ஓரம் கிழிந்திருந்ததை மரியாதைக்காக யாரும் சொல்லவில்லை. அக்காதான், அது தலைப்பொங்கலுக்கு எடுத்தது, கும்பகோணத்தில் எடுத்தது, நாத்தனாரே கண்ணு வைத்தது என்று ஊசியில் நூல் கோப்பதற்குள் மூன்று முறையும், முடிச்சுப் போடுவதற்குள் இன்னொரு முறையும் சொல்லிவிடுவார்.

"என் துண்ட நடுவுல வைங்க. ஓரத்துல வெச்சா கால்ல மிதிபடும்."

பிறந்து இரண்டு நாளான பிள்ளை எங்கே நடக்கப்போகிறது? கேட்க யாருக்குத் தைரியம்?

போர்வை போகும் இடத்துக்கு இந்த இனமும் போகும். ஐப்பசி மழை கொட்டிய ஒரு காலையில் அக்கா பிரசவ வார்டுக்கே போய்விட்டார். போர்வை கிடைத்திருந்தது செம்மொழி என்ற பெண்ணுக்கு.

"நடுவுல இருக்குல்ல, அது என்னோடது. அழுக்குப் படாம பாத்துக்கம்மா."

பார்த்துக்கொண்டாள், பாவம். மறுநாள் மெஹராஜ் பேகம் போனார். அக்காவும் போனார், தன் துணி சுகமா என்று விசாரிக்க. போர்வை மடிப்புக் கலையாமல் தலையணைக்கடியில் இருந்தது. பிள்ளை, அரைகுறையாய்க் காய்ந்த ஒரு துண்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, எடுத்துப் போத்தலாம்ல?"

"அழுக்காயிட்டா இந்த அக்கா கோவிச்சுக்குவாங்களே..."

மெஹராஜ் பேகம் போர்வையை உருவினார், பிள்ளையைச் சுற்றினார், அக்காவின் கையிலேயே கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அழுகை நின்றது. அப்புறம் மயில்கழுத்து நனைந்தது. மிகச் சரியாக நடுவில்.

"அய்யய்யோ, என் புடவை!"

"பட்டா மாறியாச்சு, விடு விஜயா. இனிமே இவன் பேருல."

வார்டே சிரித்தது. நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் ஒரு சொந்தக்காரர் வீட்டில், அவர்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த டம்ளரில் காப்பி தந்தார்களே, குடித்துவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்களே, அதில் யார் பெயரைத் தேடினீர்கள்?