இரண்டு கண்ணியமான நீதிமன்றங்களும் ஓடெட் என்கிற குதிரையும்

ஐரோப்பாவின் மேன்மையைக் காண வருகிறவர்கள் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். பாவம். அவர்கள் காண வேண்டியது, ஒரு நாட்டின் நீதிமன்றம் தன் வாசலுக்கு வந்த வழக்கை "தாங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அடுத்த நாட்டு நீதிமன்றத்துக்கு விட்டுக்கொடுக்கும் காட்சியை. பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதிகாரத்தை விட்டுக்கொடுப்பவர்களைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் பார்த்திருக்கிறேன், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு. பெல்ஜியத்தின் கடலோர ஊரான வெஸ்ட்டூன் நீதிமன்றத்திலும், அங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் எல்லைக்கு அப்பால் இருக்கும் பிரெஞ்சு ஊரான மார்க்வில்லின் நீதிமன்றத்திலும் நான்தான் மொழிபெயர்ப்பாளன். பெயர் யோரிஸ் லபேர. இந்தப் பக்கம் ஃப்ளெமிஷ், அந்தப் பக்கம் பிரெஞ்சு, நடுவில் நான்.

எங்கள் ஊரில் கோடலீவ் தெவுல்ஃப் என்று ஒரு பெண்மணி உண்டு. குதிரையின் மேல் உட்கார்ந்து கடலுக்குள் இறங்கி, குதிரையின் மார்பளவுத் தண்ணீரில் வலையை இழுத்து இறால் பிடிப்பவர். அவருடைய குதிரையின் பெயர் ஓடெட். பெயரில் மட்டும்தான் ஓட்டம். ஒரு சரக்கு லாரியின் அகலம், ஒரு சரக்கு லாரியின் நிதானம். அலை வந்தால் மற்ற குதிரைகள் திரும்பி ஓடப் பார்க்கும். ஓடெட் அலை போகும் வரை நின்று யோசித்துவிட்டு மேலே நடக்கும்.

குளிர்காலத்தில் கடலில் வேலை இல்லை. அந்த மாதங்களில் ஓடெட்டை எல்லைக்கு அப்பால், மார்க்வில்லில் ஒரு குதிரை லாயத்தில் விடுவது கோடலீவின் வழக்கம். அங்கே வைக்கோல் மலிவு. வசந்தம் வந்ததும் போய் அழைத்து வருவார். அந்த ஆண்டும் அழைத்து வந்தார். அடுத்த வாரம் லாயக்காரர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்.

லாயத்தின் சொத்துகளைத் திரட்டி விற்று, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுக்க மார்க்வில் நீதிமன்றம் ஒரு திவால் நிர்வாகியை நியமித்தது. அவர் பெயர் ஸேவரின் டுக்கேன். வேகமான பெண். கார் நிற்பதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவார். என்னையும் கூட்டிக்கொண்டு கோடலீவின் முற்றத்துக்கு வந்தார்.

"மேடம், இந்தக் குதிரை லாயத்தோட சொத்துன்னு லாயக்காரர் எழுதிக் கொடுத்திருக்கார். திவால் ஆகறதுக்கு முந்தின வாரம் அதை உங்க பேருக்கு மாத்தி விட்டிருக்கார். அது செல்லாது. நான் திருப்பி எடுத்துக்கணும்."

நான் மொழிபெயர்த்தேன்.

"என் பேருக்கு மாத்தினாரா? அவளுக்குப் பேர் வச்சதே நான்தான்," என்றார் கோடலீவ். "குட்டியா இருந்தப்ப வாங்கினேன். குளிருக்கு ஒதுங்கறதுக்கு விட்டா ஆளே அவங்களோடதுன்னு ஆயிடுமா? நான் போன வருஷம் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். என்னையும் அவங்க சொத்துல சேத்துக்குவாங்களா?"

"அங்க வேலை பார்த்தவங்க கூலி வாங்காம நிக்கறாங்க மேடம். எனக்கு அவங்க முகமும் தெரியும்."

"அவங்களுக்கு என் இறாலைத் தரேன். என் குதிரையைத் தர மாட்டேன்."

இப்படித்தான் சட்டத்தின் மிக உயர்ந்த கேள்விகளில் ஒன்று, சாணி வாசம் வீசும் ஒரு முற்றத்தில் எழுந்தது. ஸேவரின் மார்க்வில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

இங்கே நீங்கள் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த நாட்டில் ஒரு நிறுவனம் திவாலாகிறதோ, அந்தத் திவாலிலிருந்து "நேரடியாகப் பிறந்த" வழக்குகள் அந்த நாட்டு நீதிமன்றத்துக்கே போகும். சும்மா பக்கத்தில் நிற்கிற வழக்குகள் வழக்கமான வழியில், எதிராளி குடியிருக்கும் ஊருக்குப் போகும். எவ்வளவு தெளிவான விதி. குழந்தை யாருடையது என்று தெரிந்தால் போதும், எந்த வீட்டில் சோறு போடுவது என்று தெரிந்துவிடும்.

மார்க்வில் நீதிபதி எவ்ரார் லெக்வான்த் ஒல்லியான மனிதர். தொண்டையைச் செருமிவிட்டுத்தான் மூச்சே விடுவார். இரண்டு தரப்பையும் கேட்டார்.

"குதிரை ஆரம்பத்திலிருந்தே தன்னுடையதுன்னு எதிர்மனுதாரர் சொல்றார். அப்படின்னா இது வெறும் சொத்துத் தகராறு. திவாலுக்கும் இதுக்கும் ரத்த சம்பந்தம் இல்லை. எதிர்மனுதாரர் பெல்ஜியத்துல இருக்கார். எங்கள் மதிப்பிற்குரிய அண்டை மன்றத்துக்குரிய வழக்கை நாங்கள் அபகரிக்க மாட்டோம்."

வழக்கு வெஸ்ட்டூனுக்கு வந்தது. அங்கே நீதிபதி லுட்வீனா போசார்ட். கனிவான முகம், இல்லை என்று சொல்லும்போது இன்னும் கனியும்.

"திவாலுக்கு முந்தின வாரம் குதிரை கைமாறியதுன்னு மனுதாரர் சொல்றார். அப்படின்னா இது திவாலின் வயிற்றில் பிறந்த வழக்கு. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் பாவத்தை இந்த மன்றம் செய்யாது. மார்க்வில்லுக்கே போகட்டும்."

கோடலீவ் எழுந்தார். "அம்மா, அது கைமாறவே இல்லைங்கறதுதானே என் கட்சி?"

"அது உண்மையா என்று பார்க்க, இந்த மன்றத்துக்கு அதிகாரம் இருக்க வேண்டும் மேடம்."

"அதிகாரம் இருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

"அது உண்மையா என்று பார்த்து."

நான் இதை பிரெஞ்சில் சொன்னபோது ஸேவரின் என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இன்னொரு முறை சொன்னேன். அதன் அழகு குறையவில்லை.

குதிரை யாருடையது என்று தெரிந்தால்தான் எந்த நீதிமன்றம் என்று சொல்லலாம். எந்த நீதிமன்றம் என்று தெரிந்தால்தான் குதிரை யாருடையது என்று சொல்லலாம். தரம் குறைந்த மன்றங்களாக இருந்தால் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லியிருக்கும். எங்கள் மன்றங்கள் மேலே, இன்னும் பெரிய மன்றத்துக்குக் கேள்வி அனுப்பின. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு பதில் வந்தது: திவாலிலிருந்து பிறந்த வழக்கு திவால் மன்றத்துக்குரியது, பிறக்காதது அதற்குரியதன்று, இது எந்த வகை என்பதை உள்ளூர் மன்றம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு ஊரிலும் வழக்கறிஞர்கள் அந்தப் பதிலைக் கொண்டாடினார்கள். அதைப் பற்றி ஒரு கருத்தரங்கமும் நடந்தது. மொழிபெயர்ப்பு நான்தான். காபியும் வெண்ணெய் ரொட்டியும் நன்றாக இருந்தன.

இதற்கிடையில் குதிரை எங்கே நிற்பது? "நீதியின் நலன் கருதி" குதிரை பெல்ஜியத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று வெஸ்ட்டூன் உத்தரவு போட்டது. குதிரையைப் பிரான்சில் வைக்க வேண்டும் என்று மார்க்வில் உத்தரவு போட்டது. இரண்டுக்கும் கீழ்ப்படிய ஒரே இடம்தான் இருந்தது: விவசாயி காமீலின் கொட்டகை. எல்லைக்கோடு அதன் குறுக்கே போகிறது. முன்வாசல் பெல்ஜியம், பின்சுவர் பிரான்ஸ். ஓடெட்டின் தலை பிரான்சில் தின்றது. மற்றது பெல்ஜியத்தில் நடந்தது.

"சாணியை யார் அள்ளணும்னு உத்தரவுல ஏதாவது இருக்கா யோரிஸ்?" என்று காமீல் கேட்டார்.

"இல்லை."

"அதானே. வேலை இருக்கற இடத்துல சட்டம் இருக்காது."

கோடலீவ் தினமும் வந்தார். தொடுவதற்கு அனுமதி உண்டு, வெளியே அழைத்துப் போக அனுமதி இல்லை. கடல் தண்ணீரில் நின்று பழகிய கால்கள் கொட்டகைத் தரையில் வீங்கத் தொடங்கின. அவர் வாளியில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து துணியை நனைத்து அந்தக் கால்களைச் சுற்றிக் கட்டுவார். ஓடெட் குனிந்து வாளியை மோந்து பார்க்கும். பிறகு வாசல் பக்கம் பார்க்கும்.

"என்னைத்தான் பார்க்கறாள்னு நெனச்சேன் காமீல்," என்று ஒருநாள் சொன்னார். "வாளியைத்தான் பார்க்கறா. இவ்வளவு சின்னக் கடலான்னு."

வேறொரு குதிரையை இரவல் வாங்கிக் கடலுக்குப் போய்ப் பார்த்தார். அது முதல் அலையிலேயே அவரைத் தண்ணீரில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. விலா எலும்பில் அடி. அந்தப் பருவம் முழுக்க அவர் மீன்சந்தையில் அடுத்தவர் பிடித்த இறாலை உரித்துக் கொடுத்துக் காலம் தள்ளினார்.

இலையுதிர் காலத்தில் ஓடெட் குட்டி போட்டது. லாயத்தில் பாஷா என்று ஒரு பொலிகுதிரை இருந்தது. அது வரம்பு, எல்லை எதையும் மதிக்காத பிறவி என்று தெரிந்தது. குட்டி யாருடையது, அதற்கு எந்த நீதிமன்றம் என்று துணைக்கேள்வி எழுந்தது. இரண்டு மன்றங்களும் கூட்டாக நேரில் வந்து பிறந்த இடத்தைப் பார்வையிடுவது என்று முடிவாயிற்று. தேதி ஒத்துவர வேண்டுமே.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு விபரீதம் நடந்தது. ஸேவரினுக்கு உண்மை தெரிந்துவிட்டது. லாயத்தில் வேலை பார்த்தவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசியிருக்கிறார். ஓடெட் ஒவ்வொரு குளிருக்கும் தன் சொந்தப் போர்வையோடு விருந்தாளியாக வந்து போகும் குதிரை என்று அத்தனை பேரும் சொன்னார்கள். வங்கியில் கடன் வாங்கச் சொத்தைப் பெருக்கிக் காட்ட வேண்டியிருந்ததால், லாயக்காரர் விருந்தாளியையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்; விருந்தாளி ஊர் திரும்பியதும், பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டதாக எழுதிவிட்டார்.

ஸேவரின் நேராக கோடலீவ் வீட்டுக்கு வந்தார். இந்த முறை கார் நின்ற பிறகு இறங்கினார்.

"தப்பு என்னோடது மேடம். வழக்கை வாபஸ் வாங்கிக்கறேன்."

கோடலீவ் அடுப்பில் காபியை வைத்தார். எங்கள் ஊரில் அதற்கு மன்னிப்பு என்று பெயர்.

ஸேவரின் மார்க்வில்லில் வாபஸ் மனு போட்டார். நீதிபதி லெக்வான்த் தொண்டையைச் செருமினார். "வாபஸை ஏற்றுக்கொள்ள முதலில் வழக்கு எங்கள் வரம்புக்குள் இருக்க வேண்டுமே." வெஸ்ட்டூனில் போட்டார். நீதிபதி போசார்ட்டின் முகம் கனிந்தது. "எங்களிடம் இல்லாத வழக்கை எங்களிடமிருந்து எப்படி எடுத்துக்கொள்வீர்கள்?"

வெளியே படிக்கட்டில் ஸேவரின் சிகரெட் பற்றவைத்தார். "யோரிஸ், ரெண்டு பேருக்கும் சண்டையே இல்லை. ஆனா வழக்கு இருக்கு. இதுக்கு உன் பாஷையில என்ன பேரு?"

"நடைமுறை," என்றேன். பெருமையோடுதான் சொன்னேன்.

மறு வசந்தத்தில் தேதி ஒத்துவந்தது. புதிதாகப் பிறந்த குட்டியைப் பார்க்க நீதிபதிகள் வந்தபோது குட்டி தாயின் தோளுயரம் வளர்ந்திருந்தது. இரண்டு நீதிபதிகளும் கொட்டகைக்குள் கோட்டின் இரண்டு பக்கமும் நின்று கைகுலுக்கினார்கள். கைகள் மட்டும் சற்று நேரம் அந்நிய நாட்டில் இருந்தன.

"எங்கே பிறந்தது?" என்று காமீலைக் கேட்டார்கள்.

"வெளிய வந்தது பெல்ஜியத்துலங்க. எழுந்து நிக்கப் பார்த்து ரெண்டு தடவை விழுந்துச்சு. ரெண்டும் பிரான்ஸ்."

"இக்குட்டி திவாலிலிருந்து நேரடியாகப் பிறந்தது என்று கருத இடமுண்டா?" என்று லெக்வான்த் கேட்டார்.

"ஓடெட்கிட்டேருந்து நேரடியா பொறந்துச்சு ஐயா," என்றார் கோடலீவ். "நானே கையால இழுத்தேன்."

நான் அதையும் சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். பிறகு கோடலீவ் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு சந்தேகம். இப்ப நான் இவளைக் கூட்டிட்டு வெளிய போனா, என்னைத் தடுக்க வேண்டியது யாரு?"

நீதிபதி லெக்வான்த் நீதிபதி போசார்ட்டைப் பார்த்தார். "அது தங்கள் மன்றத்தின் வரம்பு என்று நினைக்கிறேன்."

"ஐயையோ, கூடாது. தங்களுடையது."

"வாசல் தங்கள் நாட்டில் இருக்கிறது அம்மா."

"குதிரையின் தலை தங்கள் நாட்டில் இருக்கிறதே ஐயா."

இவ்வளவு மரியாதையான உரையாடலை நான் என் தொழிலில் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து எனக்கு நாக்கு வறண்டது. அதற்குள் கோடலீவ் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஸேவரின் வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தார். குதிரை அருகில் வந்ததும் ஓரமாக விலகி, கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்தார். ஓடெட் போனது. பின்னால் குட்டி போனது. அதற்குப் பின்னால் நாங்கள் எல்லோரும், ஏனென்றால் பார்வையிடுதல் இன்னும் முடிந்ததாக அறிவிக்கப்படவில்லை.

மணல்மேட்டைத் தாண்டியதும் கடல். ஓடெட் தண்ணீரின் விளிம்பில் நின்றது. கோடலீவ் ஏறவில்லை, பக்கத்தில் நின்று அதன் கழுத்தில் கையை வைத்திருந்தார். இத்தனை காலத்தில் அதற்குக் கடல் மறந்திருக்குமோ என்று அவர் பயந்திருக்க வேண்டும். ஒரு அலை வந்து வீங்கிய கால்களை நனைத்தது. ஓடெட் அது போகும் வரை யோசித்தது. பிறகு நடந்தது. முழங்கால், வயிறு, மார்பு. குட்டி கரையில் நின்று கத்திவிட்டு, பொறுக்க முடியாமல் தானும் இறங்கி, உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தும்மியது. கோடலீவ் உடையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டும் இருந்திருக்கலாம், கரையிலிருந்து சரியாகத் தெரியவில்லை.

நீதிபதிகள் மணல்மேட்டின் மேல் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடல் யார் வரம்பு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதாக ஞாபகம்.

என் மன்றங்களின் பெருமை இத்தோடு முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை இரண்டு அழைப்பாணைகள் மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்தன. மன்றத்தின் பாதுகாப்பில் இருந்த குதிரையை அனுமதியின்றி ஓட்டிச்சென்ற குற்றத்துக்காக கோடலீவ் தெவுல்ஃப் நேரில் வர வேண்டும். ஒன்று வெஸ்ட்டூனிலிருந்து, ஒன்று மார்க்வில்லிலிருந்து. ஒரே காலை, ஒரே மணி. இரண்டிலும் வரம்பைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. முதல் வரியிலேயே "இம்மன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு" என்றிருந்தது. குதிரை யாருடையது என்று சொல்ல இரண்டு நாட்டிலும் ஆளில்லாமல் இருந்தது. குதிரைக்காரியைத் தண்டிக்க இரண்டு நாட்டிலும் ஆள் தயாராக இருந்தது. ஒற்றுமை என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

தாள்களைக் கொடுக்க நானே கடற்கரைக்குப் போனேன். கோடலீவ் மஞ்சள் மழையங்கியில், ஓடெட்டின் மேல் வலைக்கூடைகளோடு உட்கார்ந்திருந்தார். இரண்டையும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்ப்பா யோரிஸ், ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நிக்க முடியாதே. நான் எங்க வரணும்னு அவங்க ரெண்டு பேரையும் பேசி முடிவு பண்ணச் சொல்லு," என்று கடிவாளத்தைத் திருப்பினார். "அதுவரைக்கும் நான் கடல்ல இருக்கேன்."