கடமலைக்குண்டுக்கு வந்த கடற்காற்று

ரியாஸின் கையெழுத்து அழகாக இருக்கும். இதற்கெல்லாம் ஒருவன் மேல் வயிறு எரியலாமா என்று கேட்டால், எரியலாம். எனக்கு எரிந்தது. அவன் பைக், அவன் ஆங்கிலம், மதியம் அவன் திறக்கும் பிரியாணி டப்பா (பாதியை எனக்குத் தருவான், அதுதான் கூடுதல் எரிச்சல்) எல்லாவற்றின் மேலும் எரிந்தது.

நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவர்கள். பனிக்காலத்தில் எங்கள் பக்கத்து மலைப் பள்ளத்தாக்குகளில் படியும் புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது வேலை. காற்றை உறிஞ்சும் பெட்டியொன்றை மாடியில் வைப்போம். உள்ளே இருக்கும் வெள்ளை வடிதாளில் புகைத்தூள் படியும். தாளை நீரில் ஊறவைத்துக் கொடுத்தால், அதில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று ஆய்வகக் கருவி சொல்லிவிடும். பொட்டாசியம் ஏறினால் விறகோ கரும்புத் தோகையோ எரிந்திருக்கிறது. குளோரைடு ஏறினால் பிளாஸ்டிக் குப்பையாக இருக்கலாம்.

அவன் பெட்டி உத்தமபாளையத்தில், அவன் வீட்டு மாடியில். என்னுடையது கடமலைக்குண்டில், எங்கள் வீட்டு மாடியில். யாருடைய முடிவு நன்றாக வருகிறதோ அவர் டெல்லி மாநாட்டுக்கு விமானத்தில் போகலாம் என்றார் சார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விமானம் என்றதும் மொத்தக் குடும்பமும் என்னோடு ஏறி உட்கார்ந்துவிட்டது.

ரியாஸின் முடிவுகள் அவன் கையெழுத்து மாதிரியே வந்தன. என் முடிவிலோ, சில நாட்களில் மட்டும் குளோரைடு எகிறிக் குதித்தது. நானும் குதித்தேன்.

“சார், எங்க ஊர்ல யாரோ திருட்டுத்தனமா பிளாஸ்டிக் எரிக்கிறாக!”

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரியாஸ் எட்டிப் பார்த்தான்.

“மாப்ள, சோடியமும் கூடவே ஏறியிருக்கே. ரெண்டும் சேந்து ஏறுனா கடல் உப்புல்ல? ஒங்க ஊர்ல எங்கனடா இருக்கு கடலு?”

(பாருங்கள், எவ்வளவு பொறாமை பிடித்தவன் என்று நினைத்தேன்.)

“மலை தாண்டிக் கேரளாக் காத்து வருதுல்ல?” என்றேன். ஒரு விமான டிக்கெட்டுக்காக அரபிக்கடலையே மலை ஏற்றி இறக்கினேன்.

சார் சிரிக்கவில்லை. “ரெண்டு பேரும் போய் எரிக்கிற இடத்தைப் பிடிங்க” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ரியாஸின் பைக்கில் (பின்சீட்டில் நான்) ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தோம். சந்தைக்குப் பின்னால், கோழிக்கடைக்குப் பின்னால், குப்பைமேட்டில், எங்கும் ஒரு பை கூட எரியவில்லை. டீக்கடைக்காரரிடம் விசாரித்தால், “தம்பி எந்த டிபார்ட்மெண்டு?” என்று கேட்டுக்கொண்டே தன் குப்பைக்கூடையை உள்ளே எடுத்து வைத்தார்.

சாயங்காலம் எங்கள் வீட்டு மாடிக்கு ஏறினோம். அம்மா பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் தணல் சட்டி. கை நிறைய உப்பும் காய்ந்த மிளகாயும். மூன்று சுற்று சுற்றித் தணலில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. புகை நேராகப் பெட்டியின் வாய்க்குள் போனது. பெட்டியும் ஆசை ஆசையாய் உறிஞ்சியது.

“யம்மா! என்னத்த செய்யிற?”

“ஏலே, கத்தாத. தெருவே வந்து பாத்துட்டுப் போறாக. இந்தப் பொட்டி டிராக்டர் வெலையாம்ல? கண்ணு பட்டு நின்னு போச்சுன்னா ஒன் பிளேனு என்னாகுறது? அதான் செவ்வா, வெள்ளி தவறாம சுத்திப் போடுறேன்.”

ரியாஸ் என் தோளில் கை வைத்தான்.

“மாப்ள, கடலு கெடச்சிருச்சு.”

டெல்லிக்கு ரியாஸ்தான் போனான். கிளம்புமுன் சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தான். மகன் டிக்கெட்டைப் பறித்தவனை அம்மா நாலு கேள்வி கேட்பாள் என்று ஆவலாகக் காத்திருந்தேன். அவளோ, “பிளேன்ல போற புள்ளைய்யா” என்று அவனை நிற்க வைத்துச் சுற்றினாள். போட்ட மிளகாய்க்குத் தெருவே இருமியிருக்க வேண்டும். ஒருவரும் இருமவில்லை.

“நெடியே வரல பாத்தியா? அம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு,” என்றாள் அம்மா. “இது தெருக் கண்ணு இல்ல. கூடவே சுத்துற கண்ணு.”

என் தங்கை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். ரியாஸும் பார்த்தான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் புதுச் சேலை எடுத்தால்கூட, “அண்ணனை வெளிய அனுப்பிட்டுப் பிரிங்க” என்கிறாள் தங்கை. போன வாரம் ரியாஸ் கார் வாங்கிவிட்டுப் போன் செய்தான். “மாப்ள, நேர்ல வந்து பாத்துராத. போட்டோ அனுப்புறேன்.”

போட்டோ வந்தது. (சிவப்பு. நான் வாங்க நினைத்திருந்த அதே சிவப்பு.)